யூ விசாவா, டி விசாவா: கையெழுத்து யாருடையது?

துப்பாக்கி போன்ற ஒன்றைக் காட்டியபடி ஒருவன் கடைக்குள் நுழைகிறான். கல்லாவில் இருந்ததை அள்ளிக்கொண்டு ஓடுகிறான். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. கல்லாவில் நின்ற ஊழியர் ஐந்து நிமிடமாவது பொறுத்து, அவன் தப்பிவிட்டான் என்று உறுதியானபின் போலீசுக்குப் போன் செய்கிறார். 2023இல் மாசசூசெட்ஸிலும் பிற இடங்களிலும் இப்படி நாடகம் ஆடியதாக அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அந்த நாடகத்தில் 'பாதிக்கப்பட்டவராக' நடிக்க ஒருவர் 10,000 டாலர் கொடுத்தாராம். எல்லாம் யூ விசாவுக்காக: குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவும் வெளிநாட்டவருக்கு அமெரிக்கா தரும் விசா அது.

வேடிக்கை என்னவென்றால், யூ விசாவுக்குத் தகுதி தரும் குற்றங்களின் பட்டியலில் கொள்ளை என்ற பெயரே கிடையாது. ஆயுதம் காட்டி மிரட்டியதைக் கடுமையான தாக்குதல் என்று காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

யூவும், ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கான டி விசாவும் 2000ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தில் பிறந்தவை. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவும் வெளிநாட்டவரை நாட்டைவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்வதே இரண்டின் நோக்கமும். இரண்டும் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். மூன்று ஆண்டுகள் அங்கேயே வசித்தபின் கிரீன் கார்டு கேட்கலாம். ஒற்றுமை அவ்வளவுதான்.

யூவின் பெரிய சிக்கல் வரிசை. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் இடம் (குடும்பத்தினர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்). காத்திருக்கும் முதன்மை விண்ணப்பங்களோ இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. வகுத்துப் பார்த்தால் இருபது ஆண்டுகள். இதற்கு மருந்தாக 2021இல் ஓர் இடைவழி வந்தது: விண்ணப்பம் உண்மையானது என்று முதல்பார்வையில் தெரிந்தால், நான்கு ஆண்டு வேலை அனுமதியும் நாடுகடத்தலிலிருந்து தற்காலிக ஒத்திவைப்பும் தரலாம். வயிற்றுப்பாட்டுக்கு உதவும்; விசா ஆகிவிடாது.

டி விசாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு 5,000தான், யூவில் பாதி. ஆனால் யூவில் இருப்பதுபோலத் தலைமுறை கடக்கும் வரிசை இங்கே இல்லை.

என்னைக் கேட்டால், வரிசையைவிட முக்கியமான வேறுபாடு கையெழுத்து. யூவுக்கு போலீசோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ 'இவர் உதவினார்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பமே இல்லை. கையெழுத்திட்டே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கெடு விதித்துச் சட்டம் இயற்றியிருக்கின்றன; மற்ற இடங்களில் அந்த ஊர் போலீஸ் தலைவரின் மனசுதான். ஒரே மாதிரி அடி வாங்கிய இருவரில், ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போக, மாவட்ட எல்லை ஒன்றே போதும்.

டியில் போலீஸ் கையெழுத்து இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரின் சொந்த வாக்குமூலத்தையும் பிற ஆதாரங்களையும் வைத்தே வாதாடலாம். விசாரணைக்கு நியாயமான அளவில் ஒத்துழைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பேசவே இயலாத அளவு மனம் உடைந்தவர்களுக்கும் அதிலிருந்தும் விலக்கு உண்டு.

பிறகு ஏன் நம்மவர்கள் வாயில் யூ மட்டும் வருகிறது? டி 'ஆள்கடத்தலுக்கு' உரியது என்று மொழிபெயர்த்துச் சொல்கிறோம். உடனே எல்லை தாண்டும் லாரி கண்முன் வருகிறது. "என்னை யாரும் கடத்தவில்லையே, முறையான விசாவில்தானே வந்தேன்" என்கிறார் தொழிலாளி. அந்தச் சட்டம் பேசுவது பெரும்பாலும் நாம் கொத்தடிமை என்று சொல்வதைத்தான். வற்புறுத்தலாலோ மோசடியாலோ ஒருவரைக் கட்டாய வேலையில் மாட்டிவைத்தால் போதும். எங்கும் கடத்திப்போக வேண்டியதில்லை.

சிக்னல் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கப்பல் தள நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். கத்ரீனா புயலுக்குப்பின், 2006 முதல், சுமார் ஐந்நூறு இந்திய வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களும் அதன் மிசிசிப்பி, டெக்சாஸ் தளங்களுக்கு வந்தார்கள். எல்லோரிடமும் தற்காலிக வேலைக்கான, சட்டப்படியான எச்-2பி விசா. கிரீன் கார்டு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, ஊரில் கடன்பட்டு 10,000 டாலரும் அதற்கு மேலும் கட்டியவர்கள். ஒரு தகரக் கூண்டில் 24 பேர் வரை படுத்தார்கள். அந்தப் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2008இல் பலர் வெளிநடப்பு செய்து, வாஷிங்டன் சென்று உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இல் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. இவர்களில் பலருக்கு வழி திறந்தது டி விசாதான்.

அதற்காக டி எல்லோருக்கும் பொருந்தாது. கணவனிடம் அடிபட்டவருக்கும், கொலையானவரின் குடும்பத்துக்கும் இந்த இரண்டில் யூதான் வழி. யூவுக்கு வெளிநாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். டிக்கு அந்தக் கொடுமையின் காரணமாக அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். மனம் வெறுத்து விமானம் ஏறி ஊருக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். திருப்பி அனுப்பினால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என்றும் காட்ட வேண்டும்.

சம்பளம் கேட்டதற்கு முதலாளி அடித்தும்விட்டான் என்பதுபோல இரண்டும் கலந்த வழக்கில், ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். டிக்கான வாக்குமூலத்தை உடனே எழுதத் தொடங்கலாம். யூவின் போலீஸ் கையெழுத்துக்கு ஆறு மாதம்தான் ஆயுள். விண்ணப்பம் தயாராகும் நேரம் பார்த்து அதை வாங்குங்கள்.