எண்ணும் எழுத்தும் திட்டம்: வகுப்பறையில் அமர்ந்து பார்த்த ஒரு பெற்றோரின் மதிப்புரை

கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்றாம் வகுப்பறையைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த குழந்தைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் எப்படி மீட்டுக் கொடுப்பது என்ற கேள்விக்கு அரசு அளித்த விடைதான் ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த இத்திட்டம், எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்ற இலக்குடன் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. 2023-24ஆம் கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. என் மகள் இதில் படித்தவள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் வகுப்பறையிலேயே அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது.

தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்று பாடங்களிலும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பிரித்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியை அளிப்பதே திட்டத்தின் அடித்தளம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தைக்கு உயிர்மெய் எழுத்து வாசிக்க வரவில்லை என்றால், வகுப்புக்குரிய பாடத்தைத் திணிக்காமல், அக்குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். இது தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதியது அன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் சுவரில் தாழ்வாக அமைந்த கரும்பலகைகளையும் கொண்டு இதே எண்ணத்தை முன்னரே செயல்படுத்திப் பார்த்திருக்கிறது. இப்போதைய திட்டத்தில் ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் ஒன்றோடொன்று நன்கு பொருந்தி வருகின்றன. பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கு வகுப்பில் இடம் கிடைத்திருப்பதும் குழந்தைகள் பள்ளிக்கு விருப்பத்தோடு வரக் காரணமாக இருக்கிறது.

ஆனால் பாட்டும் பொம்மையும் இருந்துவிட்டால் ஆழ்ந்த கற்றல் நடந்துவிடாது. நான் பார்த்த ஒரு கணக்கு வகுப்பில், 42இலிருந்து 17ஐக் கழித்த ஒரு சிறுமி விடையாக 35 என்று எழுதியிருந்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து ஐந்து என்று போட்டுவிட்டாள். ஆசிரியை சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ, “இது எப்படி வந்துச்சு, டீச்சருக்குச் சொல்லு பாப்போம்” என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அவள் கையில் கொடுத்துப் பதினேழை எடுத்துத் தரச் சொன்னார். உதிரியில் இரண்டே குச்சிகள் இருப்பதைப் பார்த்துச் சற்று நேரம் தயங்கிய சிறுமி, யாரும் சொல்லாமலேயே ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நாமெல்லாம் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த வழிமுறை அவளுக்கு அங்கே விளங்கிவிட்டது. குச்சிகளைத் திட்டம் கொடுக்கலாம். அந்தக் கேள்வியையும் காத்திருப்பையும் ஆசிரியர்தான் கொடுக்க வேண்டும்.

அப்படிக் காத்திருக்கும் துணிவு ஓர் ஆசிரியருக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், அது தலைமையாசிரியரிடம்தான் போய் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் சக ஆசிரியர்களின் வகுப்பில் பின்வரிசையில் குழந்தைகளோடு அமர்ந்து கவனிப்பார். குறிப்பேட்டில் குறை எழுதுவதில்லை. மாலையில் பள்ளி விட்டபின் மாணவர்களின் நோட்டுகளை மேசையில் பரப்பி, ஒரே வகையான பிழை பலரிடம் ஏன் வருகிறது என்று எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். “பாடம் முடியலையேன்னு பயப்படாதீங்க, புள்ளைக்குப் புரிஞ்சா போதும்” என்று அவர் ஓர் இளம் ஆசிரியையிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பள்ளித் தலைமை என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

திட்டத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஆசிரியருக்குக் கையேடும் பருவந்தோறும் பயிற்சியும் உண்டு. ஆனால் ஒரு தலைமையாசிரியர் சக ஆசிரியரின் வகுப்பை எப்படிக் கவனிப்பது, கவனித்ததை மனம் நோகாமல் எப்படிப் பகிர்வது என்பதற்கு இதே அளவு அக்கறை காட்டப்படவில்லை. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே வகுப்பாசிரியராகவும் இருப்பதால், தம் குழந்தைகளை விட்டுவிட்டு அடுத்த வகுப்பில் போய் அமர அவருக்கு நேரம் ஏது? அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் அறிவிப்புகளைக் குறைத்து, குழந்தைகளின் நோட்டுகளை வைத்துப் பேசும் நேரத்தைக் கூட்டினால், இந்தக் குறையில் ஒரு பகுதியாவது தீரும்.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டையும் பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டையும் கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பதிவு செய்வது கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கூறிவருகின்றன, 2023இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு வகுப்பறைகளை மதிப்பிட முயன்றபோது கடும் எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். கொடுத்துள்ள விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா, 25 என்ற விடை சரியா தவறா என்று காட்டும். அந்தச் சிறுமி கட்டைப் பிரித்ததைக் காட்டாது. பெற்றோரிடமும் ஒரு தவறான போக்கைக் காண்கிறேன். நிலைகளின் பெயர்களை ரேங்க் போலக் கருதி, “உங்க பொண்ணு இன்னும் மொட்டுதானா?” என்று பிள்ளையின் காதுபடவே கேட்கிறார்கள். இதை நாம் உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குறைகள் இருந்தாலும், அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தயங்குவோருக்கு இத்திட்டத்தை மனமார பரிந்துரைக்கிறேன். ஆனால் சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் சென்று, தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பயிற்சி நூல் எத்தனை பக்கம் முடிந்திருக்கிறது என்று கேட்க வேண்டாம். அண்மையில் குழந்தைகள் செய்த ஒரு பிழையைப் பற்றியும், அதற்காக ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியும் கேளுங்கள். அவர் உடனே ஒரு நோட்டை எடுத்து விரித்துக் காட்டினால், தயங்காமல் சேர்த்துவிடலாம்.