ஸ்டாண்ட்பை நினைவகமா, விடிஸ்க் ஸ்வாப்பா, முதலிலேயே அள்ளிக் கொடுப்பதா?

லினக்ஸ் தனக்குக் கிடைத்த நினைவகத்தில் எதையும் மிச்சம் வைக்காது. நிரல்களுக்குத் தேவைப்படாத இடத்தையெல்லாம் கோப்புக் கேஷாக (வட்டிலிருந்து படித்த கோப்புகளின் நகலாக) நிரப்பிக்கொள்ளும். தனிக் கணினியில் அது நல்ல பழக்கம். ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் பெருங்கணினியில், ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கும் இசட்/விஎம்மின் கீழ் பல கெஸ்ட்கள் (அந்த மெய்நிகர் கணினிகள்) ஒரே நினைவகத்தைப் பங்கு போடும்போது அதுவே தலைவலி. அதனால் இங்கே ஒவ்வொரு கெஸ்டுக்கும் அளந்துதான் போடுவார்கள். அளந்தது ஒருநாள் போதாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, ஆரம்பத்திலேயே தாராளமாகக் கொடுத்துவிடுவது. வேலை மிச்சம்தான். ஆனால் 4 ஜிபி போதுமான கெஸ்டுக்கு 16 ஜிபி கொடுத்தால், கொஞ்ச நாளில் 16-ம் கேஷால் நிரம்பிவிடும். அந்தப் பக்கங்களை (நினைவகத்தின் 4 கேபி துண்டுகளை) தாங்க இசட்/விஎம் மற்றவர்களின் பக்கங்களை வட்டுக்குத் தள்ளும். ஒரு கெஸ்ட் என்றால் சமாளிக்கலாம். எல்லாரும் இப்படிக் கேட்டு வாங்கினால் முடிந்தது கதை.

இரண்டாவது வழி ஸ்டாண்ட்பை, அதாவது கூடுதல் நினைவகத்தை உடனே கொடுக்காமல் காத்திருக்க வைப்பது. இசட்/விஎம் 5.4 பதிப்பில், 2008-ல் வந்தது. (இதன் கட்டளையில் ஸ்டோரேஜ் என்று வரும்; ஐபிஎம் பாஷையில் அது வட்டு அல்ல, நினைவகம். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் முதலில் தடுக்கி விழுவார்கள்.) கெஸ்டின் டைரக்டரிப் பதிவில் (இசட்/விஎம் வைத்திருக்கும் அமைப்புக் குறிப்பில்) யூசர் வரியில் இரண்டு அளவுகள் இருக்கும்: லாகான் ஆகும்போது (கெஸ்ட் உயிர்பெறும்போது) கிடைப்பது, உச்சவரம்பு. 'டிஃபைன் ஸ்டோரேஜ் 4ஜி ஸ்டாண்ட்பை 12ஜி' என்று சிபி (இசட்/விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல்) கட்டளை கொடுத்தால், 4 ஜிபியோடு கெஸ்ட் கிளம்பும், 12 ஜிபி காத்திருக்கும். மொத்தம் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. காத்திருக்கும்வரை கெஸ்ட் அந்த 12-ஐத் தொடவே முடியாது என்பதால், கேஷால் நிரப்பவும் முடியாது. தேவைப்படும்போது லினக்ஸுக்குள் எல்எஸ்மெம் கட்டளை போட்டு நிலவரம் பார்த்துவிட்டு, 'சிஎச்மெம் -ஈ 4ஜி' என்றால் போதும், காத்திருப்பதில் 4 ஜிபி சேர்ந்துவிடும். ரீபூட் வேண்டாம்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிஃபைன் ஸ்டோரேஜ் கட்டளை கெஸ்டின் நினைவகத்தைத் துடைத்து ரீசெட் செய்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் கெஸ்டில் இதைத் தட்டினால் லினக்ஸ் அந்த நொடியே போய்விடும். ஆகவே அதை டைரக்டரியில் கமாண்ட் வரியாக எழுதி வைப்பதுதான் முறை. லாகான் ஆனதும், ஐபிஎல்லுக்கு முன்பே அது ஓடிவிடும். (இந்த ஐபிஎல் கிரிக்கெட் இல்லை, இயங்குதளத்தை ஏற்றிக் கிளப்புவது.) ஏற்கெனவே ஓடும் கெஸ்டுக்கு ஸ்டாண்ட்பை வைக்க நினைத்தால், அந்த ஒரு முறை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 64 பைட் கணக்கு வைக்கிறது. அதாவது அறுபத்துநான்கில் ஒரு பங்கு. பழைய கர்னல்களில் ஸ்டாண்ட்பை பகுதிக்கான கணக்குப் புத்தகமும் பூட் ஆகும்போதே ஆரம்ப நினைவகத்திலிருந்து போகும். 2 ஜிபி கெஸ்டுக்குப் பின்னால் 64 ஜிபி காத்திருக்க வைத்தால், 1 ஜிபி அதற்கே சரியாகிவிடும். தாராளம் இங்கேயும் கையைச் சுடும்.

ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு. 'சிஎச்மெம் -டி' என்று நினைவகத்தைத் திருப்பிக் கேட்டால், இடம் மாற்ற முடியாத கர்னல் பக்கம் ஒன்று உட்கார்ந்திருக்கும் நினைவகப் பிளாக்கை விடுவிக்க முடியாமல் திணறும். ஆகவே ஸ்டாண்ட்பையை ஒருவழிப் பாதையாகவே நான் எண்ணிக்கொள்வேன். தினமும் ஏற்றி இறக்கும் திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இரவில் சில மணி நேரம் மட்டும் வரும் நெருக்கடிக்குத்தான் மூன்றாவது வழி, விடிஸ்க் ஸ்வாப். நினைவகம் போதாதபோது லினக்ஸ் பக்கங்களை ஒதுக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப்; விடிஸ்க் என்பது நினைவகத்திலேயே இருக்கும் மெய்நிகர் வட்டு. எழுதும்வரை உண்மையான நினைவகம் செலவாகாது. ஒரு விடிஸ்க் அதிகபட்சம் 2 ஜிபி. சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று வைத்து, சின்னதற்கு முன்னுரிமை கொடுப்பது வழக்கம். பெரியதில் எழுத்து விழ ஆரம்பித்தால் கெஸ்டின் அளவு போதவில்லை என்று அர்த்தம். எச்சரிக்கை மணி மாதிரி. லாக் ஆஃப் ஆனால் மறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் எம்கேஸ்வாப் (வட்டை ஸ்வாப்பாகத் தயார்செய்யும் கட்டளை) ஓட்ட வேண்டும்.

என் தேர்வு கடைசி இரண்டும் சேர்ந்தது: ஆரம்ப அளவு இறுக்கமாக, பின்னால் ஒன்று முதல் மூன்று மடங்கு ஸ்டாண்ட்பை, முன்னால் இரண்டு விடிஸ்க். மணி தொடர்ந்து அடித்தால் மட்டும் ஸ்டாண்ட்பையைத் திறப்பேன். திறக்கும் முன் ஒன்றைப் பார்ப்பேன். ஜாவா நிரல் என்றால் ஹீப் (நிரலின் தரவு தங்கும் நினைவகப் பகுதி) வரம்பு கிளம்பும்போதே முடிவாகியிருக்கும். நினைவகத்தைக் கூட்டினாலும் ஹீப் தானாக வளராது. அந்த வரம்பையும் கூட்டி நிரலை மறுபடி கிளப்பாவிட்டால், சேர்த்த ஜிபிகள் மறுபடி கேஷுக்கே போகும்.