கூப்பிட்டவருக்கு என்ன கேட்டது?

மதுரை ஒத்தக்கடையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் போன் என்றால் முதலில் அழைப்பு. கேமரா எல்லாம் அப்புறம். மேலூர், அரிட்டாபட்டி, கொட்டாம்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் விவசாயி உடனே கூப்பிடுவார். இரண்டு தடவை எடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டுவிடுவார். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும்போது அவரைக் குறை சொல்ல முடியுமா?

நடுத்தர விலையில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் இது. இரண்டாண்டுக்கு மேல் ஆகிறது. பேட்டரி இன்னும் நன்றாகவே நிற்கிறது. பட்டறை இரைச்சலிலும் மணிச்சத்தம் கேட்கிறது. ஆனால் வாங்கிய சில மாதங்களில், கூப்பிட்டால் கிடைப்பதில்லை என்று புகார் தொடங்கியது. "தம்பி, போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறாயா?" என்று ஒரு பெரியவர் கடை வாசலிலேயே கேட்டார்.

போன் கடையில் சொன்ன வைத்தியம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்பது. எதற்கெடுத்தாலும் இதையே சொல்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை என்று வந்தால் நாங்கள் எடுத்தவுடன் காயிலைப் பிரிப்பதில்லை. ஸ்டார்ட்டர் வரைக்கும் கரண்ட் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். போனுக்கும் அதே முறைதான். செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன், கூப்பிட்டவருக்கு என்ன கேட்டது என்று விசாரிக்க வேண்டும். முழுதாக மணி அடித்ததா, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்ததா, அணைக்கப்பட்டுள்ளது என்று வந்ததா? பிறகு நம் போனின் அழைப்புப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுமே பாதி வேலையை முடித்துவிடும்.

அவருக்கு மணி அடித்திருக்கிறது, நம் பட்டியலிலும் தவறிய அழைப்பாகப் பதிவாகியிருக்கிறது என்றால், அழைப்பு வந்து சேர்ந்துவிட்டது, சத்தம்தான் வரவில்லை. என் போனில் உறக்க நேரம் காலை ஏழு மணி வரை தானாகவே பதிந்திருந்தது. கிராமத்தில் ஐந்து மணிக்கே மோட்டார் போடப் போய்விடுகிறார்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' வசதியில், 15 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து மறுபடி அழைத்தால் மணி அடிக்கட்டும் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு கால அட்டவணையை எடுத்துவிட்டேன். கவிழ்த்து வைத்தால் மௌனமாகும் வசதியையும் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் நிறுத்திவிடுவது நல்லது. நாமெல்லாம் தூசிக்குப் பயந்து போனைக் கவிழ்த்துத்தான் வைப்போம்.

அவருக்கு மணி அடித்தும் நமக்கு அறிவிப்பே இல்லை என்றால், போனே ஆளை வடிகட்டுகிறது. தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் வசதியைப் போட்டுவிட்டால், சந்தேகத்துக்குரிய எண்கள் மணி அடிக்காமலே பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிய வாடிக்கையாளர்களை நம்பிப் பிழைக்கிறவருக்கு இது ஒத்துவராது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களை நானே திட்டிக்கொள்கிறேன் என்று அணைத்துவிட்டேன். பட்டியலிலும் எண் இல்லை என்றால், அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று *#21# அழுத்திப் பார்க்கலாம். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடும். யாரோ சொன்னார்கள் என்று *401 எனத் தொடங்கும் எண்ணை அழுத்தி, தங்கள் அழைப்புகளைத் திருடர்களுக்கே திருப்பிவிட்டவர்கள் உண்டு. அதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வழியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

என்னை அதிகம் அலைக்கழித்தது மூன்றாவது வகை. எனக்குச் சிக்னல் நிறைந்திருக்கும், கூப்பிடுகிறவருக்கோ 'எல்லைக்கு வெளியே' என்று வரும். முதலில் யானைமலையைத்தான் சந்தேகப்பட்டேன். அவ்வளவு பெரிய பாறை குறுக்கே படுத்திருந்தால் மறைவில் இருக்கிற தெருக்களில் சிக்னல் தடுமாறுவது இயல்புதான். ஆனால் கடையில் அந்தக் குறை இல்லை. ஒருநாள் மின்தடை நேரத்தில், எதிரே நின்ற வாடிக்கையாளரையே கூப்பிடச் சொன்னேன். மேசைமேல் என் போனில் வைஃபை குறி முழுதாக இருந்தது. அவர் காதில் 'எல்லைக்கு வெளியே'. வைஃபையை அணைத்துச் சற்றுப் பொறுத்துக் கூப்பிடச் சொன்னால் மணி அடிக்கிறது.

விஷயம் இதுதான்: வைஃபை வழி அழைப்பு, அதாவது டவருக்குப் பதிலாக இணையம் வழியே அழைப்பை எடுக்கும் வசதி, இயங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் கடையின் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடும். அதற்குமேல் இணையம் வராது. போனோ அந்த உயிரில்லாத வைஃபையையே பிடித்துக்கொண்டு நின்றது. மொபைல் நெட்வொர்க்குக்கே முன்னுரிமை என்று மாற்றியபின் அந்தப் புகார் ஓய்ந்தது.

4ஜி வலையிலேயே பேச வைக்கும் வோல்டி (VoLTE) வசதியையும் இதே இடத்தில் பாருங்கள். 4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்கான வலை. வோல்டி அணைந்திருந்தால், அழைப்பு வரும்போது போன் 2ஜி போன்ற பழைய வலைக்கு இறங்கித்தான் எடுக்க முடியும். அதற்குப் பிடிக்கும் சில நொடிகளில் அவசரக்காரர் வைத்துவிடுவார். அப்படிப் பழைய வலையே இல்லாத நிறுவனத்தின் சிம் என்றால் அதற்கும் வழியில்லை.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. அணைத்து வெளியே ஒப்படைப்பேன். திரும்பி வந்து ஆன் செய்ததும் யார் யார் கூப்பிட்டார்கள் என்று நெட்வொர்க்கிலிருந்து குறுஞ்செய்தி வரும். இதே குறுஞ்செய்தி போன் கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால், அழைப்பு போனை எட்டவில்லை என்று அர்த்தம். அப்போது மணிச்சத்த செட்டிங்ஸைத் துழாவுவது வீண்.

வாட்ஸ்அப் அழைப்பு வேறு கதை. அது பேட்டரிச் சிக்கனத்தின் கையில் இருக்கிறது. அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னும் தீராதது இரட்டை சிம். ஒன்றில் பேசிக்கொண்டிருந்தால் மற்றது செத்த மாதிரி. இரண்டு சிம்முக்கும் சேர்த்து ஒரே ரேடியோ என்பதால் போனைத் திட்டிப் பயனில்லை. தொடர்பு கிடைக்காதபோது மட்டும் இரண்டாவது எண் முதல் எண்ணுக்குத் திரும்பும்படி வைத்து, முதல் எண்ணில் அழைப்புக் காத்திருப்பைப் போட்டிருக்கிறேன். பேச்சுக்கு நடுவே 'பீப்' என்று கேட்கிறது. திருப்பிய அழைப்புக்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில புதிய மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள். அடுத்த போனைக் கடையிலேயே ஒரு சிம்மில் பேசிக்கொண்டு, இன்னொரு எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.