ஏழு கம்பியா, எட்டு கம்பியா, பாரிடோனா?

ஆறு கம்பி கிட்டாரில் கை ஓரளவு பழகியவருக்கு அதற்கும் கீழே இறங்க ஆசை வந்தால் மூன்று வழி உண்டு: ஏழு கம்பி, எட்டு கம்பி, கழுத்து நீண்ட ஆறு கம்பி பாரிடோன். கீழ்ச் சுருதி மூன்றிலும் கிடைக்கும். கூடுதல் கம்பியை வாசிக்கக் கற்பது சுலபம். வாசிக்காத நேரத்தில் அதை வாயடைத்து வைப்பதுதான் பெரும்பாடு. எதை வாங்குவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பாரிடோனை முதலில் முடித்துவிடலாம். தடித்த கம்பியிலிருந்து பி, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்பது வழக்கமான சுருதி. ஏழு கம்பியின் அடிக்கம்பியும் இதே பி-தான். பழகிய கார்டு வடிவங்கள் அப்படியே செல்லும். பெயர் மட்டும் மாறும். ஜி வடிவம் பிடித்தால் டி ஒலிக்கும். மேல் ஈ கம்பி கிடையாது என்பதால் மெல்லிய பக்கத்தில் ஐந்து ஃப்ரெட் அளவு இழப்பு. பாடிக்கொண்டே கார்டு வாசிப்பவருக்கும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்புத் தொடர்) மட்டும் போதும் என்பவருக்கும் இதற்கு மேல் செலவு தேவையில்லை.

ஏழு கம்பி ஏதோ மெட்டலுக்கென்று பிறந்த கருவி என்று நினைப்பவர்கள் அதிகம். 1930களின் இறுதியிலேயே ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் அடியில் ஒரு ஏ கம்பி சேர்த்து வாசித்தார். பிரேசிலின் ஷோரோ இசையில் ஏழாம் கம்பி சி-க்கு இறங்கி, பேஸ் வேலையைப் பார்க்கும். 1990இல் ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வை என்பவருக்காக ஐபனேஸ் நிறுவனம் வெளியிட்ட யூனிவர்ஸ் என்ற ஏழு கம்பி கிட்டாரும், அதை எடுத்து வாசித்த மெட்டல் குழுவான கார்னும்தான் இன்றைய பிம்பத்துக்குக் காரணம்.

இதில் பழைய ஆறும் அப்படியே இருக்கும். எண்ணும் மாறாது, ஏழாவது மட்டும் புதிது. ஆனால் கண்ணும் கட்டைவிரலும் தடித்த கம்பியை ஈ என்றே நம்பும், ஆகவே முதல் சில வாரம் எல்லாம் ஒரு கம்பி தள்ளி விழும். தெரிந்த பாடல்களை ஏழாம் கம்பியைத் தொடாமல் வாசித்துப் பழகுங்கள். வலது உள்ளங்கையின் ஓரம் அதன்மேல் எப்போதும் படிந்திருக்கட்டும். இடக்கை ஆள்காட்டி விரலின் நுனி, அழுத்தும் கம்பிக்கு அடுத்த தடித்த கம்பியை லேசாகத் தொட வேண்டும். விரலின் அடிப்பகுதி மெல்லிய கம்பிகள்மேல் படிய வேண்டும். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்து அடிக்கம்பியை அடக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. கழுத்து அகலமாகிவிடும்: ஆறு கம்பியின் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) ஏறக்குறைய 43 மி.மீ. அகலம், ஏழில் 48, எட்டில் 55. கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நடுவில் இருக்க வேண்டும், மணிக்கட்டு சற்று முன்னே வர வேண்டும்.

ஒரு பயிற்சி போதும்: மெட்ரோனோமை 60இல் வைத்து, ஏழாம் கம்பியில் நான்கு அடி, ஐந்தாம் கம்பியில் நான்கு அடி, இடையில் ஆறாவதைத் தாண்டி. ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் ஏற்றி வையுங்கள். சுத்த ஒலியில் வாசித்தால் அடக்காமல் விட்ட கம்பி உங்களை ஏமாற்றிவிடும். பிறகு ஏழாவதை ஏ-க்கு இறக்கினால் கீழ் மூன்று கம்பியும் ஏ, ஈ, ஏ. ஒரே விரலில் பவர் கார்டு (மூலச் சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தது).

எட்டு கம்பியை ஏழின் அடுத்த படி என்று எண்ணி வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அதன் அடிக்கம்பியான எஃப் ஷார்ப் 46 ஹெர்ட்ஸ். அதை ஈ-க்கு இறக்கினால் 41, அதாவது பேஸ் கிட்டாரின் திறந்த ஈ-யேதான். அங்கே பவர் கார்டு பிடித்தால் ஒலி சேறாகக் குழம்பும். ஒற்றைச் சுரமாக, வெட்டி வெட்டி வாசிக்க வேண்டிய இடம் அது. பேஸ் வாசிப்பவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். ஸ்வீடனின் மெட்டல் குழுவான மெஷுகாவின் ‘நத்திங்’ ஆல்பம் (2002) எட்டு கம்பிக் கருவிகள் தயாராகாததால் ஏழு கம்பியை இறக்கியே பதிவானது. 2006இல் எட்டில் மீண்டும் வாசித்து வெளியிட்டார்கள்.

கம்பித் தடிமனில் பலர் கோட்டை விடுகிறார்கள். 25.5 அங்குல ஸ்கேலில் (நட் முதல் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்) ஈ சுருதியிலுள்ள 46 கம்பியின் (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கு) இழுவையை அளவுகோலாக எடுத்தால், அதே ஸ்கேலில் பி-க்கு 61 அல்லது 62 வேண்டும். பல ஏழு கம்பி செட்டுகளில் வரும் 56, 59 தொளதொளப்பது இதனால்தான். ஸ்கேல் 27 அங்குலமானால் 58 போதும். எஃப் ஷார்ப்புக்கு 25.5இல் 82 வரை போக வேண்டும். அவ்வளவு தடித்த கம்பி விறைத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி ஏறிப்போகும். 27இல் 77, 28இல் 75 போதும். 27க்குக் குறைந்த எட்டு கம்பியை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். தடித்த பக்கம் நீளமும் மெல்லிய பக்கம் குட்டையுமான மல்டிஸ்கேல் இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை. சாய்ந்த ஃப்ரெட்டுக்குக் கை பழகுவது பயந்த அளவு கஷ்டமில்லை.

தொய்வான கம்பியைப் பலமாக அடித்தால் முதல் கணம் சுருதி ஏறி, பிறகு இறங்கும். ஆகவே பாட்டில் அடிக்கும் அதே பலத்தில் அடித்து ட்யூன் செய்யுங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுதுமாக வைத்தால் பேஸ் அடங்கி ஒலி இறுகும். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) ஆறு கம்பிக்கு வைப்பதைவிடக் குறையுங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், லீடும் வேண்டும் ரிஃப்பும் வேண்டும் என்பவருக்கு 26.5 அங்குல ஏழு கம்பி. ஆசை நிலைக்குமா என்று பார்க்க, கையிலிருக்கும் ஆறு கம்பியில் 12–60 போன்ற தடித்த செட் போட்டு பி-க்கு இறக்கிச் சில வாரம் வாசிக்கலாம். பழைய நட்டின் பள்ளத்தில் 60 உட்காராது. திருகும்போது டிக் டிக் என்று சிக்கினால் அதுதான் காரணம், பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும். பிறகு அதில் மெல்லிய கம்பி போட்டால் தளர்ந்து ஆடும் என்பதால், பழைய நட்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்து வேறொன்றைப் பொருத்தி அதில் அறுப்பது நல்லது.