உட்காரும் சமநிலையை அளக்கும் ‘ஃபிஸ்ட்’: உடுத்தும் பயிற்சிக்கு எவ்வளவு உதவுகிறது?

பக்கவாதம் வந்தவர்களுக்குக் குளிக்க, சாப்பிட, உடுத்த மறுபடி பழக்கிக்கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவரால் தானே சட்டை போட முடியுமா என்று பார்க்க நான் எடுப்பது ‘ஃபங்ஷன் இன் சிட்டிங் டெஸ்ட்’. சுருக்கமாக ஃபிஸ்ட். அமெரிக்காவின் ஷாரன் கோர்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010-ல் வெளியிட்டது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாள், அளக்கும் டேப், ஸ்டாப்வாட்ச், கால் வைக்க ஒரு ஸ்டூல் போதும். கை பழகிவிட்டால் பத்து நிமிட வேலை.

மொத்தம் 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக 56. சமநிலையைப் பார்க்க வழக்கமாக எடுக்கும் பெர்க் அளவுகோலுக்கும் இதே கணக்குதான். ஆனால் அதில் பெரும்பாலானவை நின்று செய்பவை. நிற்கவே முடியாதவரைப் பற்றி அது அதிகம் சொல்லாது. அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று அளக்கும் பார்த்தெல் குறியீடோ உடுத்துவதற்கு 0, 5, 10 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எந்த இடத்தில் ஆள் வேண்டியிருக்கிறது, ஏன் என்பது அதில் தெரியாது.

ஃபிஸ்டில் எனக்கு மிகவும் பிடித்தது ‘2’ என்ற மதிப்பெண். கையை ஊன்றித்தான் செய்ய முடிகிறது என்றால் 2. நன்றாக இருப்பதே ஒரு கை. அதுவும் மெத்தையைப் பிடித்துக்கொண்டால் சட்டையை எதைக்கொண்டு போடுவது? “நல்லாத்தான் உட்கார்றாரு” என்பார்கள் வீட்டார். அந்த நல்ல கை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இடது கை கால் வராமல் போன ஒரு பெரியவர் புறநோயாளியாக வந்தார். அசையாமல் உட்காருவதில் 4. கண்ணை மூடச் சொன்னதும் வலது கை கட்டில் விளிம்புக்குப் போய்விட்டது: 2. அப்புறம் பனியனைக் கொடுத்தேன். துணி முகத்தை மூடிய நொடியில் இடப்பக்கம் சாய்ந்தார். நான் தோளைத் தாங்கிக்கொண்டேன். “வீட்லயும் இந்த இடத்துலதாம்மா சாயுறாரு” என்றார் அவர் மனைவி. அன்றே பனியனை நிறுத்தி, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைக்கு மாற்றினோம். வராத கையை முதலில் நுழைக்கச் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடி உட்காரும் பயிற்சியும் கூடவே தொடங்கியது.

இப்படி ஒவ்வொரு செயலுக்கும் ஒரு துணி இருக்கிறது. பாதத்தைத் தூக்குவது பேண்ட்டுக்கு, பின்னாலிருக்கும் பொருளை எடுப்பது முதுகுப்பக்கம் தொங்கும் சட்டைக் கைக்கு, தரையிலிருந்து எடுப்பது செருப்புக்கு.

சில சங்கடங்களும் உண்டு. பாதம் தரையில் பதிந்து, தொடையில் பாதி மெத்தையில் இருக்க வேண்டும். நம் வார்டு கட்டில்களின் உயரத்துக்கு ஸ்டூல் இல்லாமல் நடக்காது. நெஞ்சில் லேசாகத் தள்ளிப் பார்க்கும் செயலை ஆண் தெரபிஸ்ட் ஒருவர் பெண் நோயாளியிடம் செய்வது இருவருக்குமே கூச்சம். அதைப் பெண் ஊழியரிடம் விட்டுவிடுவது நல்லது. மதிப்பெண் இரண்டு மூன்று கூடியதும் ‘முன்னேறிவிட்டார்’ என்று எழுதிவிடக் கூடாது. மறுவாழ்வுப் பிரிவில் தங்கியிருந்தவர்களிடம் செய்த ஆய்வில், 5.5-க்கு மேல் கூடினால்தான் அது உண்மையான மாற்றம் என்று வந்திருக்கிறது.

பெரிய குறை, துணியே இல்லாமல் அளப்பது. லுங்கியைத் தலைவழியாகப் போட்டு இடுப்புக்கு இறக்கியபின் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கப் புட்டத்தைத் தூக்கி, அடியில் இழுக்க வேண்டும்; அதே நேரம் கையும் வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் நகரும் செயல் இதற்குக் கிட்ட வருகிறது, ஆனால் அதில் கைக்கு வேறு வேலை கிடையாது. அதனால் படிவத்தின் அடியில் நானே மூன்று வரி சேர்த்திருக்கிறேன்: சட்டை, லுங்கி அல்லது நைட்டி, செருப்பு. ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் சாய்ந்தார், கை எப்போது மெத்தைக்குப் போனது என்று குறிக்கிறேன். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியில்தான் இதைப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி உடையில் வேண்டாம்.