பாலைவனச் சவாரி, ஹத்தா படகு என்று ஒரே பேக்கேஜ்: 1,450 திர்ஹாம் போச்சு, நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். துபாயில் இருந்துகொண்டு சனி, ஞாயிறில் குடும்பத்தோடு பாலைவனம் போக நினைப்பவர்கள், அதுவும் ஊரிலிருந்து விசிட்டில் ஆட்கள் வந்திருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 1,450 திர்ஹாம். ஊர்க் காசில் 30,000 ரூபாய்க்கு மேல். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து அக்காவும் அத்தானும் அவர்கள் பையனும் வந்திருந்தார்கள். நான், மனைவி, அவர்கள் மூவர், ஆக ஐந்து பேர். ஷிஃப்ட் மாற்றிக்கொடுக்க ஆள் பிடித்து ஒரு சனிக்கிழமையைக் காலி செய்து வைத்திருந்தேன். படமும் வீடியோவும் போடும் ஒரு ஆப்பில் வாரக்கடைசிச் சுற்றுலா விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. காலையில் லஹ்பாப் செம்மணல் மேடுகளில் லேண்ட் க்ரூசர், மதியம் மலைப்பகுதியான ஹத்தாவின் அணையில் கயாக் (துடுப்புப் படகு), தலைக்கு 290 திர்ஹாம். பக்கத்தின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வாட்ஸாப்பில் கேட்டதுமே ஆள் போன் செய்துவிட்டார். சுத்தமான நெல்லைத் தமிழ். "அண்ணே, நம்ம ஊர் ஃபேமிலிக்கு கண்டவன் வண்டியை அனுப்புவேனா? பிரைவேட் வண்டி, உங்க அஞ்சு பேர் மட்டும்தான். அக்கா ஃபர்ஸ்ட் டைம் வர்றாங்கன்னா டிரைவர்கிட்ட மெதுவா ஓட்டச் சொல்றேன்." அக்காவுக்கு முதுகுவலி உண்டு என்று நான் சொல்லியிருக்கவில்லை, அவராகவே கேட்டுத் தெரிந்துகொண்டு, முன் சீட்டை அவங்களுக்கு ஒதுக்கிடலாம் என்றார். லைசென்ஸ் நகல் என்று ஒரு படம் அனுப்பினார். ஹத்தா டிக்கெட் என்று கியூஆர் கோடோடு ஒரு பிடிஎஃப் அனுப்பினார், அதில் எங்கள் ஐந்து பேர் பெயரும் இருந்தது. பேச்சுக்கு நடுவே பையனின் வயதைக் கேட்டு, அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்து வைக்கச் சொல்றேன் என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பணம் பிடுங்க நினைக்கும் ஆள் லைஃப் ஜாக்கெட் அளவு கேட்பானா?

பணம் மட்டும் கம்பெனிக் கணக்கில் இல்லை, தனி ஆள் கணக்கில். நான் கேட்காமல் இல்லை. "கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா அஞ்சு பர்சென்ட் வாட் சேர்க்கணும்ணே, உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு?" என்றார். ஹத்தாவில் சனிக்கிழமை இடம் சீக்கிரம் முடிந்துவிடும், முழுத் தொகையும் முன்னாலேயே வேண்டும் என்றார். 1,450 போய்ச் சேர்ந்தது.

ஏழு மணி என்ற வண்டி எட்டரைக்கு மேல் வந்தது. அதில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரோடு எட்டுப் பேர் ஏழு சீட் வண்டியில்! அக்காவுக்குச் சொன்ன முன் சீட்டில் வேறொருவர். பின் வரிசையில் ஒரு பெல்ட் மாட்டவே இல்லை, பையனை மடியில் வைத்துக்கொண்டு போனோம். உருண்டால் தாங்குவதற்கு சஃபாரி வண்டிகளுக்குள் இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கும், அதுவும் இதில் இல்லை.

மணலில் இறங்கும் முன் எல்லா டிரைவர்களும் வண்டியை நிறுத்தி டயர் காற்றை இறக்குவார்கள். 35 பிஎஸ்ஐ வாக்கில் இருக்கும் காற்றழுத்தத்தை 15 அளவுக்குக் கொண்டுவந்தால்தான் டயர் அகன்று மணல்மேல் மிதக்கும், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். நம்மவரிடம் காற்று பார்க்கும் மீட்டரே இல்லை. குத்துமதிப்பாகக் கொஞ்சம் புஸ்ஸென்று விட்டுவிட்டு, பெரிய மேடுகள் பக்கமே போகாமல், ரோட்டோரத்துத் திட்டில் ஏற்றி இறக்கினார். சின்ன வயதில் தென்னை மட்டையில் உட்கார வைத்து இழுப்பார்களே, அதுகூட இதைவிட விறுவிறுப்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் வண்டி அச்சு வரை புதைந்தது. வேறு ஒரு குழுவின் டிரைவர் இரக்கப்பட்டு பெல்ட் போட்டு இழுத்துவிட்டார். எங்கள் டிரைவரைத் திட்ட மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கூப்பிட்ட ஆள், பேக்கேஜில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

ஹத்தா எப்போது என்று கேட்டால், "என் டூட்டி இவ்வளவுதான், வேறு வண்டி வரும்" என்று குவாட் பைக் வாடகைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பேக்கேஜ் விற்ற ஆளுக்குப் போன் செய்தால் "பதினஞ்சு நிமிஷம் அண்ணே." மறுபடி செய்தால் அதே பதினஞ்சு நிமிஷம். கடைசியில் ஷார்ஜாவில் இருக்கும் நண்பன்தான் காரை எடுத்துக்கொண்டு வந்தான். லஹ்பாபிலிருந்து ஹத்தா முக்கால் மணி நேரம் என்று அந்த ஆள் சொன்னதே பொய். நேர் சாலை நடுவில் ஓமன் மண்ணைத் தொட்டுப் போகிறது, நம் போன்ற இந்தியர்களைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலீஹா பக்கம் சுற்றி மலைப்பாதையில்தான் போக வேண்டும். இந்தத் தொழில் செய்பவனுக்கு இது தெரியாதா?

ஹத்தா கவுண்டரில் கியூஆரை ஸ்கேன் செய்தால் எதுவுமே வரவில்லை. "இது எங்கள் டிக்கெட்டே இல்லை" என்றார் அந்தப் பெண், பொறுமையாகத்தான் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்துக்குப் புதிதாக வாங்கவும் வழியில்லை, அன்றைய படகுகள் முடிந்துவிட்டன. "மாமா, போட்ல ஏறலயா?" என்று பையன் கேட்டுக்கொண்டே வந்தான். அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. பேக்கேஜ் விற்ற ஆள் முதலில் டிரைவர் தப்பு என்றார். அடுத்து ஹத்தாவில் சிஸ்டம் டவுன். அடுத்து மேனேஜர் லீவு. ரீஃபண்டுக்குப் பதிலாக துபாய் க்ரீக் கழியில் தோவ் என்ற மரப்படகில் டின்னர் தருகிறேன், தலைக்கு 50 மட்டும் கூடக் கட்டுங்கள் என்றார். 1,450 போனவனிடம் இன்னும் 250! முடியாது என்றதும், "டெசர்ட் சர்வீஸ் யூஸ் பண்ணிட்டீங்களே சார், அதுக்கு ரீஃபண்ட் கிடையாது. ஹத்தா பணம் பதினாலு வேலை நாள்ல வரும்." ரிவ்யூ போடுவேன் என்று சொன்னேன். உடனே வாய்ஸ் மெசேஜ்: "போடுங்க சார், இங்க சட்டம் தெரியும்ல?" பிறகு பிளாக்.

சட்டம் எனக்கும் தெரியும். 2021-இல் வந்த இணையக் குற்றச் சட்டப்படி, இங்கே ஒருவரை ஆன்லைனில் இழிவுபடுத்தினால் ஜெயிலும் அபராதமும் உண்டு. அதனால்தான் பெயர் போடவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்.

ஆப்காரர்களுக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை என்று ஒரே வரி பதில். பேங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், வாங்கியவர் சம்மதித்தால்தான் திரும்பும் என்கிறார்கள். யார் சம்மதிப்பார்? துபாய் போலீஸின் ஈக்ரைம் என்ற இணையக் குற்றப் புகார் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன், நம்பர் வந்திருக்கிறது, பார்ப்போம். அந்த 1,450 வரும் என்ற நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் படம் அனுப்பினால் அதிலுள்ள கம்பெனிப் பெயரும் பேங்க் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வாட் கதை சொன்னால் போனை வையுங்கள். ஹத்தா படகுக்கு இடையில் ஆளே வேண்டாம், நேராக அவர்களிடமே வாங்குங்கள். பெல்ட் இல்லாத வண்டியில் குழந்தையோடு ஏறாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ், ரசீது எதையும் அழிக்காதீர்கள், புகாருக்கு அதைத்தான் கேட்கிறார்கள். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.