ஜமா மசூதி சீக் கபாபா, தர்யாகஞ்ச் தந்தூரியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் உங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது, தணலில் சுட்ட கறி சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஜமா மசூதிப் பக்கம் போய்ச் சீக் கபாப் (கொத்துக்கறியைக் கம்பியில் அப்பிச் சுட்டது) சாப்பிடுங்கள். இரண்டாவது சாயங்காலம் கிடைத்தால் பக்கத்துப் பேட்டையான தர்யாகஞ்சில் தந்தூரி கோழி. பிப்ரவரி கடைசியில் மயூர் விஹாரில் அக்கா வீட்டில் ஐந்து நாள் தங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, மாமாவோடு வாய்ச்சண்டையும் போட்டு முடித்த பிறகு வந்த முடிவு இது. மாமா பதினான்கு வருடமாக டெல்லிவாசி, தந்தூரி கட்சி. அவர் இதைப் படித்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் மதுரைக்காரன். நமக்குக் கறி என்றால் குழம்பு, சுக்கா, வறுவல். நேராகத் தணலில் சுடுவது என்றால் எனக்கு ஞாபகம் இருப்பது, அப்பத்தா விறகடுப்புத் தணலில் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரல்) வாட்டி உப்பும் மிளகும் தடவிக் கொடுத்ததும், மழைக்காலத்தில் சுட்டுத் தின்ற உப்புக்கண்டமும்தான். மற்றபடி சாலையோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கிரில் சிக்கன். தந்தூரியும் அதற்குப் பக்கத்திலேயே சிவப்பாகத் தொங்கும், மயோனைஸோடு வரும். அதனால் "டெல்லியில் போய்த் தந்தூரியா" என்ற இளக்காரம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அது அவ்வளவு நியாயம் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். காரம் இரண்டிலுமே நம் அளவுக்குக் கிடையாது. சீக் மலிவு: நானும் அக்கா பையனும் வயிறாரத் தின்றதற்கு ஆன காசு, தந்தூரிக்கு உட்கார்ந்து சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உட்கார நாற்காலி, கை கழுவ இடம், குழந்தைகளோடு போக வசதி எல்லாம் தந்தூரிப் பக்கம். இரண்டு இடத்துக்கும் நடுவில் நடக்கிற தூரம்தான். மெட்ரோ வயலெட் லைனில் ஜமா மசூதி ஸ்டேஷனும், தர்யாகஞ்சுக்குக் கிட்டத்தில் இருக்கும் டெல்லி கேட் ஸ்டேஷனும் அடுத்தடுத்த நிறுத்தங்கள்.

மசூதியின் ஒன்றாம் வாசலுக்கு எதிரே மட்டியா மஹல் சந்து. நுழைந்ததுமே புகைதான் முதலில் வரவேற்கும். சீக் போடுகிற அடுப்பை அங்கீட்டி என்கிறார்கள். நீளமான, ஒடுக்கமான இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். கம்பி வலை கிடையாது. கம்பியின் இரண்டு முனையும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும், கறி கரிக்கு நேர் மேலே தொங்கும். கொத்துக்கறியை ஈரக்கையால் கம்பியில் அப்பி, விரலாலேயே நீட்டி இழுக்கிற வேகம் பார்க்க நன்றாக இருக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் கோலா உருண்டை மாவுதான் என்று எனக்குத் தோன்றியது. அரைத்த கறி, கொழுப்பு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, கரம் மசாலா, மிருதுவாவதற்குப் பப்பாளிக்காய், பிடிப்புக்கு வறுத்த கடலை மாவு. நாம் எண்ணெயில் போடுகிறோம், அவர்கள் கம்பியில் ஏற்றுகிறார்கள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டும்போது சீறிக்கொண்டு ஒரு புகை எழுந்து அந்தக் கறியிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் கம்பிகளை உருட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தை மட்டும் புகைக்குக் கொடுக்காமல் ஒரு பக்கமாகத் திருப்பியே வைத்திருக்கிறார், கழுத்து அப்படியே பழகிவிட்டது போல.

இதிலேயே இன்னொரு ரகம் சுத்லி கபாப். கறியை அவ்வளவு மென்மையாக அரைப்பதால் அது கம்பியில் நிற்காது, அதனால் மேலே நூலைச் சுற்றிக் கட்டிச் சுடுகிறார்கள். வெந்ததும் நூல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. கறி உதிரி உதிரியாகத் தொன்னையில் விழும். (தொன்னைக்கு அங்கே தோனா என்கிறார்கள், கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.) மேலே கொஞ்சம் வெண்ணெய், பக்கத்தில் வெங்காயம், புதினாச் சட்னி. சுத்லியை நான் ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டேன், அதனால் சீக்கைவிட மேல் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஒரு தடவை மேலாகத்தான் இருந்தது.

சரி, இப்போது முக்கியமான சங்கதி. எல்லாரும் மசாலாவைப் பற்றியும் மிருதுவைப் பற்றியும் பேசுகிறார்கள், என்னைக் கேட்டால் இந்தப் போட்டியைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கம்பியிலிருந்து உருவியதற்கும் வாயில் போடுவதற்கும் இடையில் எத்தனை நிமிடம்.

எனக்கு இது புரிந்தது பார்சலில். இரண்டாம் நாள் அக்காவுக்கும் மாமாவுக்கும் என்று பத்துச் சீக் கட்டி வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறினேன். மண்டி ஹவுஸில் ப்ளூ லைன் மாறி, மயூர் விஹார்-1 ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, எல்லாமாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பொட்டலத்தைப் பிரித்தால் காகிதமெல்லாம் வெள்ளையாக மெழுகு பூசினது போல் இருந்தது. கடித்தால் அண்ணத்தில் ஒரு படலம். மாமா ஒன்றை எடுத்து அரைவாசி தின்றுவிட்டு வைத்தார். "இதுக்குத்தான் நேத்து ராத்திரி பூரா கதை சொன்னியா மாப்ள?" அந்தக் கடை மேல் ஒரு குற்றமும் இல்லை, ஒரு மணி நேரம் முன்னால் அதே கறியை நின்றுகொண்டு தின்று சொக்கிப்போனவன் நான்தானே.

காரணம் கொழுப்புதான். முதல் நாள் ஆட்டுக்கறிக் குழம்பை மறுநாள் காலையில் திறந்தால் மேலே வெள்ளைத் தட்டாக உறைந்து கிடக்குமே, அதே கதை. ஆடு, எருமைக் கொழுப்பு நன்றாக உருக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் வாய்ச்சூடு 37தான். ஆக ஆறிய கபாப்பின் கொழுப்பு வாய்க்குள் போயும் உருகாது, அப்படியே ஒட்டிக்கொள்ளும். சீக்கில் கொழுப்பைக் கறியோடு சேர்த்தே அரைக்கிறார்கள் (அது இல்லாவிட்டால் தணலில் காய்ந்து மரக்கட்டை ஆகிவிடும்), அதனால் ஒதுக்கிவிட்டுத் தின்னவும் வழியில்லை. எது அதற்கு ருசியோ அதுவேதான் ஆறியதும் எதிரியாகிவிடுகிறது. திரும்பச் சூடு காட்டலாமே என்று அக்கா தோசைக்கல்லில் போட்டுப் பார்த்தாள். கொழுப்பு கல்லில் ஓடிப்போய், மிச்சம் நின்றது மசாலா வாசனை அடிக்கும் சக்கை.

கோழி அப்படி இல்லை. கோழிக் கொழுப்பு சாதாரண வெயில் சூட்டிலேயே இளகிவிடும், அதுவும் தந்தூரிக்குத் தோலை உரித்துவிடுவதால் கொழுப்பே கொஞ்சம்தான். ருசி முழுக்கத் தயிரிலும் எலுமிச்சையிலும் கடுகெண்ணெயிலும் ஊறி உள்ளே போயிருக்கிறது. அது ஆறினாலும் எங்கேயும் போகாது. அதனால்தானோ என்னவோ, தந்தூரி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் 1947இல் தர்யாகஞ்சில் மோத்தி மஹாலைத் தொடங்கினார். அங்கே பேர் வாங்கிய தந்தூரி கோழி இன்றைக்கு மாட்டுத்தாவணி வரை வந்துவிட்டது. (பட்டர் சிக்கனை யார் கண்டுபிடித்தார்கள் என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டார்கள், அது தனிக்கதை.) சீக் கபாப்பும் பெயரளவில் நம் ஊர்களில் கிடைக்கிறது, ஆனால் அங்கீட்டிப் பக்கத்திலேயே நின்று தின்கிற அந்த ஐந்து நிமிடத்தைப் பார்சல் கட்டிக் கொண்டுவர முடியாது. பயணம் போன இடத்தில் அதைத்தானே முதலில் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

இதற்காகத் தந்தூரியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். மாமா தர்யாகஞ்சுக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்ததற்கும் நம் ஊர்ச் சிவப்புக் கோழிக்கும் சம்பந்தமே இல்லை. தந்தூர் என்கிற மண் அடுப்புக்குள் சூடு 400 டிகிரியைத் தாண்டும், சுவரே சுடுகிறது. அதனால் வெளிப்பக்கம் அங்கங்கே கருகி, உள்ளே எலும்போரம் சாறு நிற்கிறது. பாதி வெந்ததும் வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, நெய்யோ வெண்ணெயோ தடவித் திரும்ப இறக்குகிறார்கள். கால் துண்டு அபாரம். நெஞ்சுத் துண்டு, டெல்லியிலும் நெஞ்சுத் துண்டுதான்.

கரி விஷயம் ஒன்று இருக்கிறது. டெல்லியில் காற்று கெட்டுப்போகும் மாதங்களில் உணவகங்களும் திறந்தவெளிக் கடைகளும் தந்தூரில் கரி, விறகு எரிக்கக் கூடாது என்று தடை வரும். அப்போது கேஸ் தந்தூர்தான். மண் சுவர் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் தந்தூரி இதைச் சமாளித்துவிடும் என்று நினைக்கிறேன். சீக் கரியையே நம்பி இருக்கிற சாப்பாடு. நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

அப்புறம், எருமைக்கறி சாப்பிடாதவர்கள் கவனத்துக்கு. தள்ளுவண்டி சீக் பெரும்பாலும் "படே கா", அதாவது எருமை. ஆட்டுக்கறி வேண்டுமென்றால் "சோட்டே கா" என்று கேட்க வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்காது. உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்பவர்களுக்கு அதே மட்டியா மஹல் சந்துக்குப் பக்கத்திலேயே 1913இலிருந்து நடக்கிற கரீம்ஸ் இருக்கிறது, ஆட்டுக்கறி சீக் மேஜைக்குச் சூடாகவே வந்தது. பெரிய ஹோட்டல் பக்கம் நான் போகவில்லை, மெனுவில் விலையைப் பார்த்ததோடு சரி. லக்னோ பாணி கலாவட்டி கபாப்பையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது தவாவில் நெய் விட்டுப் பொரிப்பது, சுடுவதில் சேர்த்தி இல்லை என்று நான் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் ராத்திரி மாமாவை வலுக்கட்டாயமாக அங்கீட்டிக்கு இழுத்துப் போனேன். "ரோட்டுல நின்னுக்கிட்டுத் திங்கறது ஒரு சாப்பாடாய்யா?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தவர், எட்டுச் சீக் முடித்துவிட்டு ஒன்பதாவதுக்குக் கை நீட்டினார். கட்சி மட்டும் மாறவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா டப்பாவில் கட்டிக் கொடுத்ததும் தந்தூரி கோழிதான். ரயிலில் போபால் தாண்டி ஆறிப்போய்ச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. எலுமிச்சம்பழத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அக்கா மறந்துவிட்டாள்.